அடங்காத பிள்ளை இல்லை... யாரும் காரணம் சொல்லாத பிள்ளை!

கல்யாணப் பந்தி. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, இனிப்பும் வைத்தாயிற்று. எட்டு வயசுப் பையன் ஒருவன் தன் இலையில் இருந்த ஜாங்கிரியைத் தின்று முடித்துவிட்டு, பக்கத்து இலையில் இருந்ததையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். அந்த இலைக்குச் சொந்தக்காரப் பெரியவர் அவன் கையில் ஒரு தட்டு தட்டுகிறார். பையன் பதிலுக்கு அவர் கையில் அடிக்கிறான். ‘காதுதான் கேக்காது, புத்தியுமா இல்ல?’ என்று யாரோ சொல்ல, அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்து வெளியே இழுத்துக்கொண்டு போகிறார்.

அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனிப்பு இருந்தது, எடுத்தான், அடித்தார்கள். ஏன் அடித்தார்கள் என்பது தெரியாது.

போன வாரம் இதே பையன் அம்மாவின் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்தபோது அம்மா சிரித்தார். இன்றைக்கு அடிக்கிறார். ‘வீட்டுல எடுக்கலாம், வெளியில அடுத்தவங்க இலையில கை வைக்கக் கூடாது, அவங்க என்ன நினைப்பாங்க?’ என்கிற வாக்கியம், காது கேட்கிற எட்டு வயசுப் பிள்ளைக்குப் பல விதங்களில் நூறு தடவையாவது காதில் விழுந்திருக்கும். அவனிடமே நேராகச் சொன்னது அதில் கொஞ்சம்தான். அண்ணனைத் திட்டும்போது கேட்டது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது கேட்டது, டிவி சீரியலில் கேட்டது என்று மீதியெல்லாம் தானாக வந்து சேர்ந்தது.

காது கேளாத பிள்ளைக்கு அந்த மீதி மொத்தமும் வந்து சேர்வதில்லை.

‘ஒண்ணுமில்ல... அப்புறம் சொல்றேன்’

விழுப்புரம் மாவட்டம் பனமலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில், பக்கத்திலேயே பெரிய ஏரி, சுற்றிலும் வயல். வீட்டில் அம்மா, ஆயா, எட்டு வயசுப் பையன், ஆறு வயசுத் தங்கச்சி. அப்பா வெளியூரில் வேலை. பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பெயர் வேண்டாம். இது ஒரு வீட்டின் கதை மட்டும் இல்லை.

சாயங்காலம் சித்தி போன் செய்கிறார். அம்மா பேசுகிறார்: “அவங்க நேர்ல வந்து பத்திரிகை வைக்கல, அதான் மாமாவுக்குக் கோபம். ஆனா வெளிய காட்டிக்கல. நாமளும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேணாம்.”

தங்கச்சி ஓரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஆனால், பத்திரிகையை நேரில் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் மனசு வருத்தப்படும், வருத்தத்தை முகத்தில் காட்டாமலும் இருக்கலாம், அது நமக்குத் தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்று ஒரே போன் காலில் இத்தனை பாடம் அவளுக்குக் கிடைத்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பையன் பார்த்தது அம்மாவின் முகம் மாறியதை மட்டும்தான். ‘என்ன?’ என்று கையை விரித்துக் கேட்கிறான். அம்மா கையை அசைத்து ‘ஒண்ணுமில்ல’ என்கிறார். கொஞ்சம் நல்ல மனநிலையில் இருந்தால், ‘அப்புறம் சொல்றேன்.’ அந்த அப்புறம் வருவதே இல்லை.

வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்து பேசிச் சிரிக்கும்போது தான் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, வளர்ந்த பிறகு நினைவுகூர்கிற காது கேளாதவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு ‘டின்னர் டேபிள் சிண்ட்ரோம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் அது டிவி முன்னாலும், பஸ்ஸிலும், திண்ணையிலும் நடக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கவனிக்க வேண்டிய அளவுக்குச் செவித்திறன் குறைந்த குழந்தைகள் உலகில் 3.4 கோடி பேர். அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, இப்படிப்பட்ட குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கிற பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அதாவது, பிறந்த வீட்டிலேயே அந்தக் குழந்தை பேசக்கூடிய மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பெற்றோர் மேல் குற்றம் இல்லை. அவர்களும் சைகை மொழி தெரிந்தவர் ஒருவரை அதற்கு முன்னால் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

மாத்தி வைத்த டப்பா

மனநல ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளிடம் நடத்துகிற ஒரு சின்ன சோதனை உண்டு. நம் வீட்டு பாஷையில் சொன்னால் இப்படி: அக்கா முறுக்கை நீல டப்பாவில் போட்டுவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் தம்பி அதை எடுத்து சிவப்பு டப்பாவில் மாற்றிவிடுகிறான். அக்கா திரும்பி வந்து முறுக்கை எங்கே தேடுவாள்?

மூன்று வயசுக் குழந்தை ‘சிவப்பு’ என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது அக்காவுக்கும் தெரியும் என்று நினைக்கிற வயது அது. நாலு, ஐந்து வயதில் ‘நீலம்’ என்று சொல்ல ஆரம்பித்துவிடும். அக்கா மனசில் இருப்பது வேறு, நடந்தது வேறு என்பது பிடிபட்டுவிட்டது.

ஆஸ்திரேலியாவில் கேண்டிடா பீட்டர்சன், மைக்கேல் சீகல் இருவரும் இந்தச் சோதனையைக் காது கேளாத குழந்தைகளிடம் நடத்தி 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு வயதைத் தாண்டிய, நல்ல புத்திசாலிக் குழந்தைகளில்கூடப் பெரும்பாலானோர் தவறாகச் சொன்னார்கள். ‘அப்படியானால் காது கேட்காதவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாதா?’ என்று அவசரப்பட வேண்டாம். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, பிறந்ததிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்த குழந்தைகள் காது கேட்கும் குழந்தைகளுக்குச் சமமாகவே பதில் சொல்கிறார்கள் என்பதை 2007-ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

ஆக, குறை காதில் இல்லை. வீட்டில் பேச ஆள் இல்லாததில் இருக்கிறது.

இதற்கு இன்னும் ஆச்சரியமான சாட்சி நிகரகுவா. அந்த மத்திய அமெரிக்க நாட்டில் 1970-களின் கடைசி வரை காது கேளாதவர்களுக்குப் பொதுவான சைகை மொழியே இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுச் சைகையோடு வாழ்ந்தார்கள். தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளி வந்து, பிள்ளைகள் ஒன்றாகக் கூடியதும், அவர்களே ஒரு மொழியை உருவாக்கிவிட்டார்கள். முதலில் வந்தவர்களின் மொழியில் ‘நினைக்கிறான்’, ‘தெரியும்’ மாதிரி மனசைப் பற்றிய சொற்கள் குறைவு. அவர்கள் இருபது வயதைத் தாண்டியும் அந்த டப்பா சோதனை மாதிரி விஷயங்களில் தடுமாறினார்கள். இளையவர்களோடு பழகி அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்ட பிறகு, இரண்டே வருடத்தில் தேறிவிட்டார்கள். ஜெனி பையர்ஸ், ஆன் செங்காஸ் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 2009-ல் இதை எழுதினார்கள்.

‘வயசாயிடுச்சு, இனிமே எங்க கத்துக்கப் போறான்’ என்று சொல்கிற மாமாக்களுக்கு இதை எடுத்துக் காட்டலாம்.

‘டீச்சர், நீ வா’

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். நம் மரியாதை முழுக்க வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. வா, வாங்க. போ, போங்க. வீட்டுச் சைகையில் விரலை நீட்டினால் ‘நீ’யும் அதுதான், ‘நீங்க’ளும் அதுதான். பேச்சுப் பயிற்சியில் கஷ்டப்பட்டு ‘வா’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட பிள்ளை, மகிழ்ச்சியோடு ஓடிப்போய் “டீச்சர், வா” என்று கூப்பிடும். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஆறு மாத உழைப்பு இருக்கிறது. தலைமையாசிரியர் காதில் விழுவதோ ‘மரியாதை இல்லாத பையன்’ என்பது.

சொல்வதற்கு நேர்மாறாக அர்த்தம் வைப்பதும் நமக்குப் பழக்கம். கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார், ‘வரேன்’ என்பார். விருந்தாளி காபி வேண்டாம் என்பார். இரண்டு தடவை வற்புறுத்தினால் குடிப்பார். ‘சாப்ட்டீங்களா?’ என்று கேட்பவர் சாப்பாடு போடப்போவதில்லை. காது கேட்கிற பிள்ளை இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டுப் பழகிவிடும். சொல்லுக்குச் சொல் அர்த்தம் பிடித்துக் கற்றுக்கொள்கிற பிள்ளையோ, விருந்தாளி ‘வேண்டாம்’ என்றதும் அந்த காபியை எடுத்துத் தானே குடித்துவிடும். அதன் கணக்கில் அது செய்தது சரிதான்!

எதிர்ப்பக்கமும் உண்டு. காது கேளாதவர்களின் நாகரிகம் நம் கண்ணுக்கு அநாகரிகமாகத் தெரிகிறது. அவர்கள் ஒருவரைக் கூப்பிடத் தோளைத் தட்டுவார்கள், தரையைக் காலால் தட்டுவார்கள், லைட்டைப் போட்டு அணைப்பார்கள். பேசுகிறவரின் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் பேச்சே புரியாது. வயசுக்கு வந்த பெண் பிள்ளையிடம் ‘ஏன் எல்லார் மூஞ்சியையும் அப்படிப் பாக்குற?’ என்று கேட்கிற ஊரில், அந்தப் பெண்ணுக்கு அது கண் வழியாகக் கேட்பது என்று யார் எடுத்துச் சொல்வது? புருவத்தை உயர்த்துவதும் சுருக்குவதும் சைகை மொழியில் இலக்கணம். கேள்வி கேட்கிறாள் என்று அர்த்தம். நமக்கு அது முறைப்பதாகத் தெரிகிறது.

அதனால் பழக்கவழக்கம் சொல்லிக்கொடுப்பது என்றால் பிள்ளைக்கு மட்டும் வகுப்பு எடுப்பது இல்லை. நாற்காலியை இழுத்தால் சத்தம் வரும், அது மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் தோளைத் தட்டினால் அது சண்டைக்கு இழுப்பது இல்லை என்று வகுப்பில் மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். இரண்டாவது வேலை பெரும்பாலும் நடப்பதே இல்லை.

புரியாமல் தலையாட்டுவது

இந்தப் பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொள்கிற தந்திரம் ஒன்று உண்டு. புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவது. எல்லாரும் சிரித்தால் சிரித்துவிடுவது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘ம்’. இதைப் பார்த்து ‘நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை’ என்று மெச்சுகிற பள்ளிகள் உண்டு. அந்த மெச்சலில்தான் ஆபத்து.

‘எனக்குப் புரியல, இன்னொரு வாட்டி சொல்லுங்க’ என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். வாயால், சைகையால், ஒரு அட்டையைக் காட்டி, எப்படி வேண்டுமானாலும். அப்படிக் கேட்டபோது ஒரு தடவை எரிந்து விழுந்தாலும் பிள்ளை மறுபடி கேட்காது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதைவிட ‘நான் என்ன சொன்னேன், நீ சொல்லு’ என்று கேட்பது நல்லது.

ஆமை சொல்லிக்கொடுத்தது

1980-களில் அமெரிக்காவில் மார்க் கிரீன்பெர்க், கரோல் குஷே என்கிற இருவர் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே ஒரு பாடத்திட்டம் தயாரித்தார்கள். சுருக்கப் பெயர் ‘பாத்ஸ்’. கணக்கு, அறிவியல் மாதிரி, உணர்ச்சியும் ஒரு பாடவேளை. பிற்பாடு அது காது கேட்கும் பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் பரவி, பல நாடுகளில் இன்றும் நடக்கிறது. காது கேளாதவர்களுக்காகச் செய்த ஒன்று எல்லாருக்கும் பயன்பட்டது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதில் சின்ன வகுப்புக்கு ஒரு ஆமைக் கதை வரும். கோபம் வந்தால் ஆமை மாதிரி கைகளை மடக்கி உள்ளே போ. மூச்சை இழுத்து விடு. பிறகு, என்ன பிரச்னை, மனசில் என்ன தோன்றுகிறது என்பதைச் சொல். அடிக்காதே என்று சொல்வதோடு நிற்காமல், அடிப்பதற்குப் பதில் கைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறது இந்தக் கதை. கையால் பேசுகிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் கிடையாது. (அடக்கத்துக்கு ஆமையை உதாரணம் காட்டுவதில் வள்ளுவர் முந்திக்கொண்டார் என்பது வேறு விஷயம்.)

அடுத்தது சொற்கள். நம் பையனுக்கு உணர்ச்சிக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணிப் பார்த்தால், சிரிப்பு, அழுகை, கோபம் என்று மூன்றோடு நின்றுவிடும். ஏமாற்றம் என்ற சொல் அவனிடம் இல்லை. பொறாமை, கூச்சம், சலிப்பு, ‘பாவமா இருக்கு’ எதுவும் இல்லை. அப்பா வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அவனுக்குள் இருப்பது ஏமாற்றம். கையில் இருக்கிற சொல் கோபம். அதனால் தங்கச்சியின் பென்சில் பாக்ஸ் உடைகிறது.

‘பாத்ஸ்’ வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் முகம் வரைந்த அட்டைகள் உண்டு. இப்போது எந்த முகம் என்று எடுத்து வைக்க வேண்டும். ஆசிரியரும் எடுத்து வைக்க வேண்டும். ‘மிஸ்ஸுக்கு இன்னிக்கு சலிப்பு’ என்று ஆசிரியர் அட்டையைக் காட்டும்போது பிள்ளைகள் அசந்துபோவார்கள். பெரியவர்களுக்கும் உள்ளே ஏதோ நடக்கிறது என்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

இதற்குக் காசு செலவே வேண்டாம். பழைய காலண்டரின் பின்பக்கம், ஒரு ஸ்கெட்ச் பென் போதும். குச்சி மனிதர்களை வரைந்து, தலைக்கு மேல் காமிக்ஸில் வருவது மாதிரி ஒரு மேகம் போட்டு, அவர் மனசில் என்ன இருக்கிறது என்று அதற்குள் வரைவது இன்னொரு வழி. பந்திப் பெரியவரை வரையலாம். அவர் தலைக்கு மேல் மேகத்தில் ஒரு ஜாங்கிரி. பக்கத்தில் பையன், அவன் கையில் அந்த ஜாங்கிரி. பெரியவர் முகம் எப்படி இருக்கும்? பையனே வரையட்டும். வெல்மன், பீட்டர்சன் இருவரும் இந்த மேகப் படங்களை வைத்துக் காது கேளாத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்து, அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வதில் அவர்கள் முன்னேறியதை 2013-ல் எழுதியிருக்கிறார்கள்.

கருவி வைத்தும் பேச்சு வரவில்லையே?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. நல்ல திட்டம். ஆனால், கருவி வைத்த மறுநாளே பிள்ளை பேசிவிடும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் உடைந்துபோகிறார்கள். கருவி கொடுப்பது சத்தத்தை. அந்தச் சத்தம் மொழியாவதற்கு வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். அமைதியான அறையில் ஒருவரோடு நன்றாகப் பேசுகிற பிள்ளைகூட, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் விளையாட்டு மைதானத்தில் தொலைந்துபோகும். பழகுவது எல்லாம் அந்த மைதானத்தில்தானே நடக்கிறது?

இன்னும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். கருவி, பயிற்சி, சைகை மொழி எல்லாம் சரியான நேரத்தில் கிடைத்தும் அவர்களுக்கு மொழி ஏறாது. காது கேட்கும் பிள்ளைகளில் சிலருக்கு எப்படி இயல்பாகவே மொழி கற்பதில் தனிச் சிக்கல் இருக்கிறதோ, அதே போல் காது கேளாத பிள்ளைகளிலும் உண்டு. பிரிட்டிஷ் சைகை மொழியில் வளர்கிற குழந்தைகளிடம் இது இருப்பதை இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2010-ல் எழுதினார்கள். கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் எல்லாப் பழியும் காது மேல் போய்விடும். ‘காது கேக்கல, அதனால பேசல’ என்று அங்கேயே விசாரணை முடிந்துவிடும்.

இந்தப் பிள்ளைகளுக்கு நீளமான விளக்கம் உதவாது. ஒரு நாளைக்கு ஒரு விஷயம். கடைக்குப் போவது என்றால் அதை உடைக்க வேண்டும்: வரிசையில் நிற்பது, கடைக்காரர் தன்னைப் பார்க்கும்வரை காத்திருப்பது, பொருளைக் காட்டுவது, காசு கொடுப்பது, மீதி வாங்குவது. முதலில் வீட்டில் ஆயாவைக் கடைக்காரர் ஆக்கி நடித்துப் பார்ப்பது. பிறகு அம்மாவோடு நிஜக் கடை. பிறகு அம்மா பத்தடி தள்ளி நிற்க, அவன் மட்டும். கிராமத்துக் கடைக்காரருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவர் பொறுமையாக நிற்பார். பனமலை மாதிரி ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி. சென்னை சூப்பர் மார்க்கெட்டில் இது கிடைக்காது.

சொல்லத் தெரியாதவர்களைத் தேடி வருகிறவர்கள்

பழகக் கற்றுக்கொடுப்பது வெறும் மரியாதைப் பாடம் என்று நினைப்பவர்கள் 2018-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை அயனாவரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமி பல மாதங்களாகப் பலரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது வெளியே வந்த வருடம் அது. 2020-ல் போக்சோ நீதிமன்றம் 15 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

எது நட்பு, எது தப்பு, யார் எங்கே தொடலாம், ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று ஒருவர் சைகை காட்டினால் அதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் காது கேட்கும் பிள்ளைக்கு ஓரளவு காதில் விழுகிறது. கேளாத பிள்ளைக்குப் படம் போட்டு, பொம்மை வைத்து, உடல் உறுப்புகளின் சொல்லைச் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிடுகிற இடம் இது. பெரியவர் சொன்னால் தலையாட்டு, சொன்னதைச் செய் என்று மட்டுமே பழக்கிய பிள்ளைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லவும் தெரிய வேண்டும். கையை உதறுவது, சத்தம் போடுவது, ஓடிவருவது என்று நடித்துப் பார்க்க வேண்டும். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பெற்றோரின் போனில் அது இருக்கட்டும்.

பேச்சா, சைகையா?

1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள் காது கேளாதோர் பள்ளிகளில் சைகையை ஒதுக்கிவிட்டுப் பேச்சு முறையையே பின்பற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதே வரிசையில் நடந்த மாநாடு 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடி அதற்கு வருத்தம் தெரிவித்தது. நடுவில் 130 வருடம். தமிழ்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, மிகச் சின்ன வயதிலேயே கருவி மாட்டி, பெற்றோரையும் வகுப்பில் உட்காரவைத்துப் பேச்சு கற்றுத் தருகிறது. இரண்டு வழியிலும் நன்றாக வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு வழியும் சீக்கிரம் கிடைக்காமல் போன பிள்ளைகள்தான் பந்தியில் அடி வாங்குகிறார்கள்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு இவனுக்கு எது புரியும்? பேச்சு வந்தால் பேச்சு. கை வந்தால் கை. படம் வந்தால் படம். மூன்றையும் கலந்தாலும் தவறில்லை.

விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்குச் சில தகவல்கள். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்ற சந்தேகம் இருந்தால், முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அந்தந்த வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவிகிதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்புகிற சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையத்தின் அகராதி 2021-ல் 10,000 சொற்களைத் தொட்டது. வீடியோவாகவே இருக்கிறது, போனில் பார்க்கலாம். 2024 டிசம்பரில் பி.எம். இ-வித்யா 31-ஆம் சேனல் சைகை மொழிக்கென்றே தொடங்கப்பட்டது. ஆயாவும் அம்மாவும் தங்கச்சியும் ராத்திரி சாப்பிட்டபின் தினம் ஐந்து சொல் பழகினால், பொங்கலுக்குப் பொங்கல் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மலைமேல் ஒரு முகம்

பனமலைக்காரர்களுக்கு இன்னொரு பாடப்புத்தகமும் உள்ளூரிலேயே இருக்கிறது. தாளகிரீஸ்வரர் கோயிலின் சின்னச் சன்னிதி ஒன்றின் சுவரில் பல்லவர் கால ஓவியம் ஒன்று பாதி அழிந்தும் அழியாமலும் நிற்கிறது. தலைக்கு மேல் குடை, தலையில் கிரீடம், ஒரு காலை மடக்கி, தலையை லேசாகச் சாய்த்து நிற்கிற தேவி. சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிறார்கள். ஏறக்குறைய 1,300 வருடமாக அந்த முகம் ஒரு வார்த்தை பேசாமல் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது.

லீவு நாளில் பையனை அங்கே கூட்டிப்போகலாம். யாரைப் பார்க்கிறாள்? கோபமா, சந்தோஷமா, வெட்கமா? மனசில் என்ன நினைக்கிறாள்? முகம் படிப்பதில் அவன் தங்கச்சியைவிடக் கெட்டிக்காரன். எட்டு வருடமாக அவனுக்கு அதுதானே வேலை. முகத்துக்குப் பின்னால் இருப்பதற்குச் சொல் கொடுப்பதுதான் மிச்சம். தங்கச்சி ஒன்று சொல்லுவாள், அவன் வேறு ஒன்று காட்டுவான். ஒரே முகத்தைப் பார்த்து இரண்டு பேர் இரண்டு விதமாக நினைக்கலாம் என்பதும் அங்கேயே தெரிந்துபோகும்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். போன் பேசி முடித்ததும் அம்மா அரை நிமிடம் ஒதுக்கிச் சொல்லலாம்: ‘சித்தி பேசினா. மாமாவுக்குக் கோபம். ஏன்னா பத்திரிகை நேர்ல குடுக்கல.’ ஆள், உணர்ச்சி, காரணம். மூன்று சைகை போதும். தினம் நாலு போன் வந்தால் நாலு கதை. ஊர்வம்பு என்று நினைக்க வேண்டாம், தங்கச்சிக்கு அது தினமும் இலவசமாகக் கிடைக்கிறது.

இதெல்லாம் பலிக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் தானாக வரும். டப்பாவில் முறுக்கு குறைந்திருக்கும். பையன் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு தங்கச்சியைக் கைகாட்டுவான். அம்மாவுக்குக் கோபம் வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால், தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது, அம்மாவை வேறு மாதிரி நினைக்கவைக்கலாம் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த முதல் பொய்க்கு மட்டும் ஆயா துடைப்பத்தை எடுக்காமல் இருக்க வேண்டும்.

ரெண்டாவது பொய்க்கு எடுத்துக்கொள்ளட்டும்.